சிலுவை எதற்கு நேரே நின்றது

இருபத்திரண்டு பேர் எங்கள் ஊரை எனக்கு வரைந்து தந்தார்கள். இருபத்திரண்டு தாளிலும் யாகப்பர் கோயில் இருந்தது. பதின்மூன்று தாளில் அது களப்பு வாய்க்கு, காயல் கடலோடு சேரும் இடத்துக்கு, இடப்பக்கம் நின்றது. ஒன்பது தாளில் வலப்பக்கம் நின்றது. வரைந்தவர்கள் எல்லோரும் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். அதன் வாசலை மறக்கக்கூடியவர்கள் அல்ல.

ஊர் ஓராமுனை, மன்னார்க் கரை. 1990இல் ஒரே நாளில் எல்லோரையும் ஊரைவிட்டு எழுப்பினார்கள். எனக்கு அப்போது பதினொரு வயது. பிறகு அங்கே ஓர் இராணுவ முகாம் வந்தது. வீடுகள், பனைகள், கோயில் எல்லாவற்றையும் புல்டோசர் தள்ளியது. இந்த வருடம்தான் காணி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்தக் கரையில் நிரந்தரக் குடியிருப்பு இருந்ததற்கு அடையாளம் இல்லை, அது காடு என்று எழுதியிருந்தார்கள். கோயிலும் சவக்காலை என்ற கல்லறைத் தோட்டமும் இருந்ததாகச் சொல்பவர்கள் அவை இருந்த இடத்தை முப்பதாம் தேதிக்குள் காட்டவேண்டும். காட்டாவிட்டால் திருப்பிக் கொடுக்கும் காணிகளின் பட்டியலில் அந்தக் கரை சேராது.

என் அப்பா அந்தச் சவக்காலையில் இருக்கிறார்.

அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அம்மாவின் பெயர் யோசெப்பின். எழுபத்திரண்டு வயது. நாங்கள் வந்து சேர்ந்த இந்தப் பனி நாட்டில், பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில், மூன்றாம் மாடியில் இருக்கிறார். மீன் வெட்டிக்கொண்டிருந்த கத்தியை வைக்காமலே கேட்டார்.

"இடத்தை நாங்கள் காட்டட்டாமோ? எடுத்தவன் காட்டட்டும், எதை எடுத்தவன் எண்டு."

"அப்பிடி எழுதேலாது அம்மா."

"ஏன் ஏலாது? எழுது. பேந்து வேணுமெண்டா மரியாதையாயும் ஒண்டு எழுது."

அதனால்தான் படம் சேர்க்கத் தொடங்கினேன். ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபத்தில் எங்கள் ஊர்ச் சனத்துக்குத் தாளும் பென்சிலும் கொடுத்தேன்.

இடப்பக்கமா வலப்பக்கமா என்ற சிக்கல் ஒரு வாரத்தில் தீர்ந்தது. நீக்கிலாப்பிள்ளை மாமா வரையும்போது எதிரே உட்கார்ந்து பார்த்தேன். அவர் எண்பது வயதுக் கடலோடி. பென்சிலை வாங்கியதும் தன் வயிற்றுக்குப் பக்கத்தில், தாளின் அடியில், முதலில் அலைகளைப் போட்டார். அதற்கு மேலே கரை, அதற்கும் மேலே கோயில். பெண்களின் தாள்களை எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடியில் பெரிய ரோட்டு இருந்தது. கடல் உச்சியில். ஆண்கள் ஊரை வள்ளத்திலிருந்து பார்த்து வரைந்திருந்தார்கள், பெண்கள் ரோட்டிலிருந்து பார்த்து வரைந்திருந்தார்கள். ஒன்பது ஆண்களின் தாளையும் தலைகீழாகத் திருப்பினேன். கோயில் இருபத்திரண்டிலும் ஒரே பக்கம் வந்து நின்றது.

ஆனால் பக்கம் தெரிந்தால் போதாது. களப்பு வாயிலிருந்து எவ்வளவு தூரம்? ஒருவர் அரைக் கட்டை, அதாவது அரை மைல், என்றார். ஒருவர் ஒரு சுருட்டுப் புகைக்கும் நேரம் என்றார். அதோடு களப்பு வாயும் ஒவ்வொரு மாரிக்கும் இடம் மாறும். அது எப்போது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? செயற்கைக்கோள் படத்தில் அந்தக் கரையில் பற்றைக் காடும் முகாமின் தகரக் கூரைகளும்தான் தெரிந்தன. கையில் இருந்த ஊர்ப்படம் நல்ல படம். அதைப் பூமியில் குத்தி நிறுத்த ஓர் ஊசி இல்லை.

இது எனக்கு எரிச்சலாக இருந்தது. ஏனென்றால் மறைந்ததைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில். லொங்குய்யில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். யாராவது நிலத்தைக் கிண்டுமுன் எங்களைக் கேட்பார்கள். கீழே எங்கே தண்ணீர்க் குழாய், எங்கே எரிவாயு என்று நாங்கள் வரைந்து கொடுப்போம். பனி கொட்டியபின் தெருவில் குழாய் அடைக்கும் மூடி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு மூடிக்கும் ஒரு அட்டை உண்டு. அந்த வீட்டு மூலையிலிருந்து நான்கு மீற்றர் எண்பது, இந்தத் தீயணைப்புக் குழாயிலிருந்து ஆறு மீற்றர் இருபது என்று அதில் இருக்கும். இரண்டு அளவும் சந்திக்கும் இடத்தில் பனியைக் கிளறினால் மூடி இருக்கும். நாங்கள் எப்போதும் மூன்றாவது அளவு ஒன்றும் எடுத்து வைப்போம். இரண்டு அளவு எப்படியும் எங்கேயோ சந்தித்துவிடும். மூன்றாவதும் அங்கேயே வந்தால்தான் அளவுகள் உண்மை.

ஆக எனக்கு வேண்டியது அசையாத மூலைகள். ஓராமுனையில் அசையாதது எது?

இதை நான் அம்மாவின் குசினியில் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல. தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த நீக்கிலாப்பிள்ளை மாமா தலையை நிமிர்த்தினார்.

"கடலுக்குள்ளை பார் கிடக்குதே. அது எங்கை போகப்போகுது? புல்டோசர் தண்ணிக்குள்ளை இறங்குமோ?"

பார் என்பது கடலடிக் கற்பாறைத் திட்டு. மீன் அங்கேதான் நிற்கும். கரையிலிருந்து இரண்டு மூன்று கட்டை தள்ளி, மேலே வெறும் தண்ணீர்தான் தெரியும். அதைக் கடலோடிகள் கண்டுபிடிப்பது இப்படி: வள்ளத்திலிருந்து கரையைப் பார்ப்பார்கள். கிட்ட உள்ள ஒன்றும் தூர உள்ள ஒன்றும் ஒன்றுக்குப் பின் ஒன்றாக நேரே வந்தால் வள்ளம் அந்தக் கோட்டில் நிற்கிறது. கொஞ்சம் விலகினாலும் இரண்டும் பிரிந்துவிடும். இப்படி இன்னொரு சோடியும் நேரே வரும் இடத்தில் நங்கூரக் கல்லை இறக்கினால் அது பாரின் தலையில் விழும். இதை அடையாளம் பிடிக்கிறது என்பார்கள். எங்கள் கரை தட்டை. கடலிலிருந்து பார்த்தால் உயரமாகத் தெரிவது கோயில் கோபுரத்துச் சிலுவை மட்டும்தான். ஆகவே ஏறக்குறைய எல்லாப் பாருக்கும் ஒரு சோடியில் சிலுவை இருக்கும்.

அவர்கள் சிலுவையை வைத்துப் பாரைப் பிடித்தார்கள். நான் பாரை வைத்துச் சிலுவையைப் பிடிக்கலாம். தெளிந்த நாளில் எடுத்த படத்தில் பார்கள் கறுப்புத் திட்டாகத் தெரிகின்றன. தூர அடையாளங்களும் சில இன்னும் நிற்கின்றன: தெற்கே வெளிச்சவீடு, உள்ளே வெள்ளைக்காரன் காலத்து இடிந்த பங்களா, அதற்கும் அப்பால் ஆனைக்கல். பாரிலிருந்து தூர அடையாளத்துக்கு ஒரு கோடு இழுத்தால் கோயில் அந்தக் கோட்டில் எங்கேயோ நின்றிருக்க வேண்டும். இரண்டு பாருக்கு இரண்டு கோடு. மூன்றாவது சரிபார்க்க.

அடுத்த ஞாயிறு செபமாலைச் சம்மாட்டியையும் அழைத்தேன். சம்மாட்டி என்றால் வள்ளமும் வலையும் சொந்தமாக வைத்து ஆட்களைக் கூட்டித் தொழில் செய்பவர். அவருக்கு எழுபத்தெட்டு. கர்க்லாண்டில் மகளோடு இருக்கிறார். ஊரில் அவரும் நீக்கிலாப்பிள்ளை மாமாவும் எதிரும் புதிருமான வள்ளக்காரர். இங்கே வந்தும் பூசையில் ஒருவர் வலப்பக்க வாங்கில் இருப்பார், மற்றவர் இடப்பக்கம்.

குசினி மேசையில் கணினியைத் திறந்து வைத்தேன். இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்கள். ஆளுக்கு இரண்டு பார் காட்டினார்கள். காட்டும்போது ஒருவர் விரல் வைத்ததும் மற்றவர் கூரையைப் பார்த்தார். ஒவ்வொரு பாருக்கும் சிலுவை எதற்கு நேரே நின்றது என்று கேட்டேன். நீக்கிலாப்பிள்ளை மாமா உடனே சொன்னார். செபமாலைச் சம்மாட்டி கொஞ்சம் யோசித்துச் சொன்னார். நான் கோடுகளை இழுத்தேன்.

எந்த மூன்றும் ஓரிடத்தில் சந்திக்கவில்லை. ஒரு சந்திப்பு களப்புக்குள் விழுந்தது. ஒன்று முகாமுக்கும் அப்பால் காட்டுக்குள். ஒன்று கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் கடலுக்குள்.

"அப்ப கோயில் தண்ணிக்குள்ளையோ இருந்தது?" என்றார் செபமாலைச் சம்மாட்டி. "பூசைக்கு நீந்தியோ போனனாங்கள்?"

"உம்மட அடையாளத்தை வைச்சா அப்பிடித்தான் வரும்," என்றார் நீக்கிலாப்பிள்ளை மாமா.

"என்ர அடையாளத்திலை என்ன பிழை?"

"அதை நான் எப்பிடிச் சொல்ல? அது உம்மட அடையாளம்."

இருவரும் போனபின் நான் கோடுகளை மறுபடி மறுபடி இழுத்தேன். பாரின் தலை முப்பது மீற்றர் தவறினாலும் கரையில் அரைவாசிதான் தவறும். இந்தத் தவறு அந்தச் சாதி அல்ல. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. வயது போய்விட்டது, மறந்துவிட்டார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கதிரையில் இருந்துவிட்டார்.

"மறக்கிறதோ? என்ன பிள்ளை நீ! ரெண்டு வள்ளக்காரனை ஒரு மேசையிலை இருத்தி, பாரைச் சொல்லு எண்டு கேட்டா எவன் உண்மை சொல்லுவான்? உன்ர அப்பா எனக்கே சொல்லேல்லை. கேட்டா, உன்ர தம்பிக்குச் சொல்லிப்போடுவாய் எண்டவர்."

"முப்பத்தைஞ்சு வருசம் அம்மா. ஆர் இனிப் போய் மீன் பிடிக்கப்போகினம்?"

"அதை அவங்களைக் கேள்."

தவறு என்னுடையது. அளவு தருபவனையும் அதை மறைக்க வேண்டியவனையும் ஒரே மேசையில் இருத்தியிருந்தேன்.

நீக்கிலாப்பிள்ளை மாமாவைத் தனியாக ஜான்-டலோன் சந்தையில் பிடித்தேன். ஒவ்வொரு புதன்கிழமையும் மெற்றோவில் அங்கே போவார். வாங்குவதற்கு அல்ல. மீன்கடையில் ஐஸுக்கு மேல் கிடப்பவற்றைப் பார்த்துக் குறை சொல்வதற்கு.

"இதின்ர கண்ணைப் பார். செத்து ஒரு கிழமை. செத்தவீடும் முடிஞ்சு முப்பத்தோராம் நாள் அந்திரட்டியும் முடிஞ்சுது."

"மாமா, அண்டைக்குப் பொய்தானே சொன்னீங்கள்?"

அவர் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓம்."

"ஏன்?"

"அவன் பக்கத்திலை இருந்தானே."

"எழுபத்தெட்டு வயதிலை அவர் உங்கட பாருக்குப் போவாரோ?"

"பிள்ளை," என்று அவர் திரும்பினார். "எனக்கு இனி அங்கை தொழில் இல்லை எண்டா நான் உண்மையைச் சொல்லிப்போட்டுப் போவன். எனக்கென்ன? தொழில் செய்யப்போறவன்தான் அடையாளத்தை மறைப்பான். அந்தக் கடல் இன்னும் என்ர. நான் போறனோ, என்ர பேரன் போறானோ, அது வேறை கதை. முகாம் போட்டவனுக்கும் நான் விட்டுக்குடுக்கேல்லை. செபமாலைக்கு விட்டுக்குடுப்பனோ?"

நான் செபமாலைக்குச் சொல்லமாட்டேன் என்று யாகப்பர்மேல் சத்தியம் வாங்கிக்கொண்டு, என் கைபேசிப் படத்தில் அன்று காட்டாத வேறு இரண்டு திட்டுகளைத் தொட்டுச் சொன்னார். தட்டுப்பாரில் நின்றால் சிலுவைக்கு நேரே பின்னால் வெளிச்சவீடு. நெடும்பாரில் நின்றால் சிலுவைக்கு நேரே பின்னால் பங்களாவின் வடக்குச் சுவர்.

அடுத்த நாள் கர்க்லாண்ட். செபமாலைச் சம்மாட்டி மகளின் வீட்டு வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். என்னைக் காரின் உள்ளே இருக்கச் சொல்லி, தானும் ஏறி, கண்ணாடியை முழுக்க உயர்த்தியபின்தான் வாயைத் திறந்தார். அவரும் சத்தியம் வாங்கினார். ஊசிப்பாரில் நின்றால் சிலுவைக்கு நேரே ஆனைக்கல்லின் உச்சி. மாதாபாரில் நின்றால் சிலுவைக்கு நேரே பங்களாவின் வடக்குச் சுவர்.

"மாதாபார் எனக்கு மட்டும்தான் தெரியும்," என்றார். "என்ர அப்பு காட்டினது. நீக்கிலாப்பிள்ளைக்கு அப்பிடி ஒண்டு இருக்கெண்டே தெரியாது."

படத்தில் அவர் விரல் வைத்த இடம் நெடும்பார். அதே கறுப்புத் திட்டு. ஒருவர் விடியப்புறமும் மற்றவர் பின்னேரமும், முப்பது வருடம் ஒரே பாரில் மாறி மாறிக் கல் இறக்கியிருக்கிறார்கள், ஆளுக்கொரு பெயர் வைத்து. நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு சத்தியம் வாயில் இருந்தது.

வீட்டுக்கு வந்து கோடுகளை இழுத்தேன். மூன்று கோடுகளும் ஒரு சின்ன முக்கோணத்தில் வந்து நின்றன. அதன் நீண்ட பக்கம் பதினெட்டு மீற்றர். யாகப்பர் கோயிலே நூறு அடி நீளம். முக்கோணம் கோயிலுக்குள்ளேயே அடங்கிவிட்டது.

மன்னாரில் இருந்து எங்கள் வழக்கைக் கவனிப்பவன் டெனிஸ்டன், என் சித்தப்பாவின் மகன். இடத்தை அனுப்பியதும் தொலைபேசி எடுத்தான்.

"அக்கா, நல்ல விசயம். ஆனா வெறும் புள்ளி காணாது. எப்பிடிக் கண்டனீங்கள் எண்டு கேப்பாங்கள். எந்தப் பார், எந்த அடையாளம், எல்லாம் எழுதி ரெண்டு பேரும் சத்தியக்கடதாசியிலை கையெழுத்துப் போடவேணும்."

"எல்லாமோ?"

"எல்லாம். ஒரே கடதாசியிலை. வெள்ளிக்கிழமைக்குள்ளை."

அப்படி எழுதினால் இரகசியம் போய்விடும். எழுதாவிட்டால் கோயில் போய்விடும், அப்பாவின் குழியும் போய்விடும். நான் அவர்களிடம் சத்தியத்தைத் திருப்பிக் கேட்க வேண்டியிருந்தது. அவர்களை மறுபடியும் அதே மேசைக்கு அழைத்தேன். கோடு இழுக்காத செயற்கைக்கோள் படம், கடிதம், எழுதாத சத்தியக்கடதாசி மூன்றையும் வைத்தேன். டெனிஸ்டன் சொன்னதை அப்படியே சொன்னேன்.

அம்மா காணி அலுவலகத்துக் கடிதத்தை எடுத்து அவர்கள் முன்னால் தள்ளினார்.

"ஊரே இருக்கேல்லை எண்டு எழுதியிருக்கிறான். ஊர் இல்லாட்டி உங்கட பார் எங்கையிருந்து வந்தது? நீங்கள் வாயை மூடிக்கொண்டிருந்தா அவன் சொன்னது சரியெண்டு போகும். உங்கடை உங்களுக்குள்ளை பெரிய சண்டைதான். ஆனா அந்தச் சண்டை பிடிக்கவும் அந்தக் கரை வேணும்."

செபமாலைச் சம்மாட்டி தொண்டையைச் செருமினார். "அண்டைக்கு நான் சொன்னது கொஞ்சம் பிழை."

"பிழையோ, பொய்யோ?" என்றார் அம்மா.

"பொய்தான் யோசெப்பின். எழுது பிள்ளை. ஊசிப்பாருக்கு ஆனைக்கல். மாதாபாருக்குப் பங்களா, வடக்குச் சுவர்."

நீக்கிலாப்பிள்ளை மாமா கதிரையிலிருந்து எழும்பினார். "பங்களா வடக்குச் சுவரோ? எந்தப் பார் அது? காட்டும் பாப்பம்!"

சம்மாட்டி காட்டினார்.

"அது நெடும்பார்! என்ர நெடும்பார்!"

"மாதாபார்."

"எடேய், அதாலைதான் எனக்கு விடியப்புறம் ஒண்டும் மிச்சமில்லாமல் இருந்தது! முப்பது வருசமா மீன் இடம் மாறிப்போச்செண்டு நினைச்சனான். நீயோ அது?"

"நானும் அதைத்தான் நினைச்சனான். பின்னேரத்திலை பார்த்தா ஆரோ கூட்டி அள்ளினமாதிரிக் கிடக்கும்."

எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் சம்மாட்டியின் தோள் குலுங்கியது. பிறகு நீக்கிலாப்பிள்ளை மாமாவும் மேசையைத் தட்டிச் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கியதும் அவர் பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"எழுது பிள்ளை, எல்லாத்தையும் எழுது. எழுதிப்போட்டுக் கீழை இன்னொண்டும் போடு: தட்டுப்பார் நீக்கிலாப்பிள்ளையின்ர."

"ஊசிப்பார் செபமாலையின்ர," என்றார் சம்மாட்டி.

"மற்றது?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அதை நாங்கள் அங்கை போய்ப் பேசித் தீர்க்கிறம்," என்றார் நீக்கிலாப்பிள்ளை மாமா. "அதையும் எழுது. வாறம் எண்டு தெரியட்டும்."

அந்த நெடும்பார்க் கோடுதான் எங்களுடைய பலமான சாட்சி என்று அவர்களுக்கு விளக்கினேன். சேர்ந்து கதை கட்டியவர்கள் என்று அலுவலகம் சொல்லலாம். ஆனால் முப்பது வருடம் ஒருவருக்கொருவர் ஒளித்த இரண்டு பேர், தனித்தனியே கேட்டபோது, ஒரே சுவரைச் சொல்லியிருக்கிறார்கள். இதைவிட நல்ல மூன்றாவது அளவு என் தொழிலில் கிடைப்பதில்லை.

சவக்காலை மட்டும் மிச்சம். அதற்கு அளவு அம்மாவிடம் இருந்தது. பிரேதத்தைக் கோயிலின் பின் வாசலால் எடுத்து நேரே கிழக்கே நடப்பார்கள். சவக்காலைப் படலைக்கு, அதன் வெளிவாசலுக்கு, போய்ச் சேர ஒரு பரலோக மந்திரமும் பத்து அருள்நிறை மந்திரமும் சரியாக இருக்கும். ஒரு நாளும் கூடாது, குறையாது. பங்கு மண்டபத்தின் நீண்ட நடைக்கூடத்தில் அம்மாவை அங்கும் இங்குமாக நடக்கவிட்டேன். இரண்டு வள்ளக்காரரும் பெட்டி தூக்குவதுபோல் தோளைச் சாய்த்து அம்மாவுக்கு முன்னால் மெதுவாக நடந்தார்கள். அம்மா செபித்தார். நான் அளந்தேன். மூன்று தரம் நடந்தார்கள்: நூற்று இரண்டு மீற்றர், தொண்ணூற்றெட்டு, நூறு.

வியாழக்கிழமை சத்தியக்கடதாசி போனது. அதன் கடைசிப் பந்தி இது:

"தட்டுப்பாரின் தலையிலிருந்து வெளிச்சவீட்டுக்கும், நெடும்பார் எனவும் மாதாபார் எனவும் சொல்லப்படும் பாரின் தலையிலிருந்து பழைய பங்களாவின் வடக்குச் சுவருக்கும், ஊசிப்பாரின் தலையிலிருந்து ஆனைக்கல்லின் உச்சிக்கும் நேர்கோடு இழுக்கவும். மூன்று கோடுகளும் முகாமின் தெற்கு வேலிக்கு உள்ளே, வேலியிலிருந்து நாற்பது மீற்றரில், ஓரிடத்தில் சந்திக்கும். ஓராமுனை யாகப்பர் கோயிலின் சிலுவை அங்கே நின்றது. கோயிலின் பின் வாசலிலிருந்து நேர் கிழக்கே நூறு மீற்றரில் சவக்காலையின் படலை இருந்தது. இரண்டு இடத்திலும் மூன்று அடி தோண்டவும். முதல் இடத்தில் கல் அத்திவாரம் வரும். இரண்டாவது இடத்தில் கவனமாகத் தோண்டவும். அங்கே எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள்."